சோப்பு கட்டும் சல்லடை!

கொடுமுடிக்கு அருகே காவிரியில் வந்து கலக்கும் ஆறு எது தெரியுமா? நொய்யல்! வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி வரும் ஆறு.

திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் இந்த ஆற்றில்தான் விடப்பட்டது. 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயநீர் தேங்கியது. உப்பேறிய நீரால் வயல்களும் கிணறுகளும் பாழாயின. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது பட்டறைத் தொழிலாளர்களின் பிழைப்பு நின்றது.

விவசாயியும் வாழ வேண்டும், தொழிலாளியும் வாழ வேண்டும். அதற்கு ஒரே வழி, கழிவுநீரை ஒரு சொட்டுகூட ஆற்றில் விடாமல் சுத்தப்படுத்தி, மறுபடியும் பயன்படுத்துவதுதான். அதற்கு நல்ல சல்லடை வேண்டும்.

அம்மா மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சல்லடையில் ஒரே ஒரு ஓட்டை பெரிதாகிவிட்டால் என்ன ஆகும்? கப்பியும் மாவோடு விழுந்துவிடும். ஆகவே, எல்லா ஓட்டைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

தண்ணீரில் கரைந்த உப்பைச் சலிக்கும் ஓட்டை எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 1 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர். உப்பைத் தடுக்கும் ஓட்டையோ ஒரு நானோமீட்டரைவிடச் சிறியது! இப்போது பயன்படும் ஆர்.ஓ. சவ்வுகளில் இந்த இடைவெளிகள் ஒழுங்கின்றிப் பெரிதும் சிறிதுமாக உள்ளன. எல்லாம் ஒரே அளவாக இருக்க, எந்த ஊசியால் ஓட்டை போடுவது?

ஊசியே வேண்டாம்! ஒரு தட்டில் ஒரே அளவுள்ள கோலிகுண்டுகளைப் போட்டு, லேசாகச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஒவ்வொரு குண்டையும் சுற்றி ஆறு குண்டுகள், தேன்கூடு போல, தாமாகவே வந்து சேரும்.

சோப்பு மூலக்கூறுகளும் இப்படித்தான். அவற்றின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. சோப்பு டப்பாவில் தண்ணீர் தேங்கினால், சோப்பின் அடி கொழகொழவென்று ஆகிறதே, அங்கே அவை வரிசை வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன. திரவம் போல நெகிழும். படிகம் போல ஒழுங்காகவும் இருக்கும். இதற்குத் 'திரவப் படிகம்' என்று பெயர். 1888-ல் ரைனிட்சர் என்ற தாவரவியல் அறிஞர் இத்தகைய விந்தைப் பொருளை முதலில் கவனித்தார். 1977-ல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ்.சந்திரசேகர் குழுவினர், தட்டு வடிவ மூலக்கூறுகள் தோசை அடுக்கு போல அடுக்கிக்கொள்ளும் புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தனர்.

சில வகை மூலக்கூறுகள், நடுவே தண்ணீரை வைத்து, தலையை உள்ளேயும் வாலை வெளியேயும் நீட்டிக் குழாயாக வளைகின்றன. குழாய்கள் தேன்கூடு போல அடுக்கிக்கொள்கின்றன. அப்போது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், பக்கத்துப் பக்கத்து வால்கள் கைகோத்து இறுகி, பிளாஸ்டிக் போன்ற பாலிமர் ஆகிவிடும். நடுவில் தண்ணீர் இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். ஈரக் களிமண்ணில் ஈர்க்குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் உருவினால் ஓட்டை நிற்குமே, அதேபோலத்தான்!

ஆனால், குழாய்கள் படுத்துவிட்டால் தண்ணீர் எப்படிக் கீழே இறங்கும்? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஜின் குழுவினர் இதற்கும் வழி கண்டனர். நாலாபுறமும் ஒன்றோடொன்று இணைந்த வழிகள் கொண்ட சவ்வை 2007-ல் வெளியிட்டனர். அதன் துளை சுமார் 0.75 நானோமீட்டர். அது தண்ணீரை விட்டு, உப்பைப் பெருமளவு தடுத்தது.

இந்த மூலக்கூறுகளைத் தயாரிக்கச் செலவு அதிகம். பழுதில்லாமல் அகலமான சவ்வாக்குவதும் கடினம். எனவே, இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. மலிவாகச் செய்யும் வழியைக் கண்டுபிடிக்க யாராவது வர வேண்டும். வேதியியல் பாடத்தைக் கவனமாகப் படியுங்கள் கண்ணுகளா, நொய்யல் காத்திருக்கிறது!