விரிதாளும் நாள்கணக்கும்

பேரா மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அக்காலத் தோட்டங்களில் விடியும் முன்பே பெரட்டு நடைபெறும். வேலைக்கு வந்தவர்களின் பெயர்களைக் கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். மாத இறுதியில் அந்தப் பதிவை வைத்தே சம்பளம் கணக்கிடப்படும். ஒரு நாள் விடுபட்டாலும் ஒரு குடும்பத்தின் வருமானம் குறையும். இன்று அத்தகைய நாள்கணக்கைப் பெரும்பாலும் கணினியின் விரிதாள் செய்கிறது. ஆனால், விரிதாள் தேதியை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதை அறியாமல் அதைப் பயன்படுத்தினால் பிழைகள் நேரக்கூடும்.

எக்செல் போன்ற விரிதாள்கள் தேதியை ஓர் எண்ணாகவே சேமிக்கின்றன. 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு 1 என்ற எண் தரப்பட்டுள்ளது. அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் கூடுகிறது. இவ்வகையில் நாடு சுதந்திரம் அடைந்த 31 ஆகஸ்டு 1957 என்பது 21063 ஆகும். மலேசியா உருவான 16 செப்டம்பர் 1963 என்பது 23270 ஆகும். முதல் எண்ணை இரண்டாம் எண்ணிலிருந்து கழித்தால் 2207 கிடைக்கும். அதுவே இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட நாள்களின் எண்ணிக்கை. நாள்களைக் கூட்டுவதும் கழிப்பதும் விரிதாளில் எளிதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இக்கணக்கைச் செய்வதற்கெனச் சில சார்புகள் உள்ளன. கணினியில் இவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். ‘டேட்’ என்ற சார்பு ஆண்டு, மாதம், நாள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு தேதியை உருவாக்கும். ‘டுடே’ இன்றைய தேதியைத் தரும். ‘இடேட்’ ஒரு தேதியுடன் குறிப்பிட்ட மாதங்களைக் கூட்டும். ‘வீக்டே’ அந்தத் தேதி எந்தக் கிழமையில் வருகிறது என்பதை எண்ணால் காட்டும்.

இச்சார்புகளின் பயனை ஓர் எடுத்துக்காட்டின்வழி காண்போம். மலேசியக் குழந்தைகள் 12 வயதை அடைந்த 30 நாள்களுக்குள் மைகாட் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பள்ளி, தன் மாணவர்கள் ஒவ்வொருவரும் எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பட்டியலிட விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவரின் அடையாள எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் முதல் ஆறும் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் நாளையும் குறிக்கும். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் காட்டும். பேராவுக்கு 08 என்பது ஒரு குறியீடு.

ஓர் அடையாள எண் 120304 என்று தொடங்கினால், அம்மாணவர் 2012-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் பிறந்தவர். ‘லெஃப்ட்’, ‘மிட்’ ஆகிய சார்புகளால் இலக்கங்களைப் பிரித்தெடுத்து ‘டேட்’ சார்பில் இட்டால் பிறந்த தேதி கிடைக்கும். இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அடையாள எண்ணை எழுத்துத் தொடராகவே பதிய வேண்டும். எண்ணாகப் பதிந்தால் 05 என்று தொடங்குவதில் உள்ள பூச்சியம் மறைந்துவிடும். இரண்டாவது, ஆண்டுக்கு 12 என்று மட்டும் கொடுத்தால் ‘டேட்’ சார்பு அதை 1912 என்று கொள்ளும். எனவே, 2000-ஐக் கூட்ட வேண்டும். மாணவரின் தாத்தாவுக்கோ 1900-ஐக் கூட்ட வேண்டியிருக்கும். எந்த நூற்றாண்டு என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

பிறந்த தேதி கிடைத்த பிறகு ‘இடேட்’ சார்பினால் 144 மாதங்களைக் கூட்டினால் 12 வயது நிறைவடையும் நாள் தெரியும். மேற்கண்ட மாணவருக்கு அது 4 மார்ச் 2024. அதனுடன் 30-ஐக் கூட்டினால் 3 ஏப்ரல் 2024 என்ற இறுதி நாள் கிடைக்கும்.

இதே தேதியை 04/03/2012 என்று கையால் தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? மலேசியாவில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கணினியோ முதலில் வருவதை மாதமாகக் கொள்ளும். அது இத்தேதியை ஏப்ரல் 3 என்று பதிவு செய்துவிடும். அவ்வாறாயின், மாணவருக்கு 12 வயது நிறைவது 3 ஏப்ரல் 2024 என்று பட்டியல் காட்டும். உண்மையில் அன்றுதான் அவர் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாள்! பட்டியலை நம்பிய குடும்பம் காலம் கடந்து அலுவலகத்திற்குச் செல்லும். அபராதமும் செலுத்த நேரிடலாம்.

25/03/2012 என்று எழுதினால் இப்பிழை தோன்றாது. 25-ஆவது மாதம் இல்லாததால் கணினி அதைத் தேதியாகவே ஏற்காது. அது வெறும் எழுத்தாக நிற்கும். பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நாளும் மாதமும் 12-க்கு உட்பட்டிருக்கும்போதுதான் பிழை சத்தமின்றி நுழைகிறது. மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியுமாறு கட்டத்தின் வடிவத்தை அமைத்து, பிறப்புச் சான்றிதழுடன் ஒப்பிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

விரிதாளுக்கும் சில எல்லைகள் உண்டு. 1877-ஆம் ஆண்டில் பேராவின் கோலகங்சாருக்கு ரப்பர்க் கன்றுகள் கொண்டுவரப்பட்டன. அவ்வாண்டின் எந்தத் தேதியையும் எக்செல் தேதியாகக் கணக்கிடாது. 1900-க்கு முன் அதற்கு எண் இல்லை. மேலும், 1900 லீப் ஆண்டு அன்று. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும். எனினும், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாளுடன் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக, இல்லாத 29 பிப்ரவரி 1900-ஐ எக்செல் இன்றும் ஒரு நாளாக எண்ணுகிறது.

வேலை நாள்களை எண்ணும் ‘நெட்வொர்க்டேஸ்’ சார்பு சனி, ஞாயிறு விடுமுறைகளைத் தானே நீக்கும். ஆனால், தீபாவளி எந்த நாளில் வரும் என்பது அதற்குத் தெரியாது. சந்திரனை ஒட்டி அமையும் பண்டிகை ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் வருவதால் அதை நாம்தான் விடுமுறைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

செக்ரோலில் கிராணி தவறாக ஒரு கோடு இட்டால், தொழிலாளி அவரிடம் நேரில் கேட்க முடிந்தது. விரிதாளிடம் அவ்வாறு கேட்க முடியாது. கொடுத்ததைத்தான் அது கணக்கிடும். ஆகவே, தேதியைப் பதிபவரே அதைச் சரிபார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.