வெப்பம் ஒன்று, சுமை வேறு

கோடை வந்தால் நாமக்கல் பண்ணைகளில் எத்தனை கோழிகள் இறந்தன என்பது செய்தியாகிறது. இறவாத கோழிகள் எதை இழந்தன என்பது செய்தியாவதில்லை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவது கணக்கே பெரிதாகத் தெரிகிறது.

ஒவ்வோர் உயிரும் உணவை எரித்தே வாழ்கிறது. அந்த எரிப்பே வளர்சிதை மாற்றம். உடல் பெருக்கும் அதே விகிதத்தில் அது பெருகுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கில்தான் உயர்கிறது என்று 1932-இல் மாக்ஸ் கிளைபர் காட்டினார். ஒன்றரை கிலோ கோழியைவிட 300 கிலோ பசு 200 மடங்கு கனமானது. கிளைபர் விதிப்படி, ஓய்வு நிலையில் அதன் ஆற்றல் செலவோ ஏறத்தாழ 53 மடங்குதான். ஆக, கிலோ ஒன்றுக்குக் கோழி உண்டாக்கும் வெப்பம், பசு உண்டாக்குவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

சிறிய உடலுக்கு எடையை நோக்கப் பரப்பு அதிகம். எனவே, காற்று குளிர்ந்திருக்கும்வரை கோழி அவ்வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். ஆனால், அதன் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். கொட்டகைக் காற்று அதை நெருங்க நெருங்க அந்த வழி அடைபடுகிறது. வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாய் பிளந்து மூச்சிரைக்கிறது. கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது; முட்டையின் ஓடு மெலிகிறது. உள்வெப்பத்தைத் தணிக்கத் தீவனத்தையும் குறைத்துக்கொள்கிறது, முட்டை சிறுக்கிறது.

பசுவின் துயரம் வேறு. பெரிய உடல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். பகலில் சேர்ந்த வெப்பத்தை அது இரவில்தான் இறக்கி வைக்கிறது. நீண்டகால வெப்பமாதலில் இரவுகளும் குளிர்ச்சியை இழக்கும்போது, முந்தைய நாளின் மிச்சச் சூட்டோடு பசு மறுநாளைத் தொடங்குகிறது. அதிகம் உண்டு அதிகம் கறக்கும் கலப்பினப் பசுவே இதில் முதலில் தளர்கிறது.

பெரிய பண்ணை மின்விசிறியும் நீர்த்தெளிப்பானும் வைத்துச் சமாளிக்கும். சேலத்துக் கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது இயலாது. கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் இறப்பையே இழப்பாக ஏற்கிறது. குறைந்த பால் அதன் கணக்கில் வருவதில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலை சார்ந்த ஆலோசனைகளைப் பண்ணையாளர்களுக்கு வழங்கி வருகிறது. அந்த அடித்தளத்தின் மீது, வெப்பநிலை வரம்பைத் தாண்டினாலே இழப்பீடு தரும் காப்பீட்டை அரசு உருவாக்கலாம். கோழிக்குப் பகல் உச்சமும் மாட்டுக்கு இரவு வெப்பமும் அளவுகோல்களாகட்டும். மாவட்டச் சராசரி வெப்பநிலை இவ்விரண்டையும் மறைத்துவிடும்.