குகைக்குள் போக ஆசையா? தனியாகப் போகாதீர்கள்!

குகை என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? தாடி வளர்த்த சாமியார். கொள்ளைக்காரன் புதைத்த தங்கம். வில்லன் கட்டிப் போட்ட கதாநாயகி! சினிமாக்காரர்கள் காட்டிய குகை அதுதான்.

நிஜக் குகை ஒன்று திருவள்ளூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூண்டி ஏரியைத் தாண்டி, அல்லிக்குழி மலைத் தொடரில் இருக்கும் குடியம் குகை. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் ஊத்துக்கோட்டை வழியாக வரலாம். குடியம் கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டுக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும்.

"அங்கே என்னப்பா இருக்கு? வெறும் கல்லும் வவ்வாலும்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு.

இருக்கிறது! குகை என்று பெயரே தவிர, நீளமான சுரங்கம் கிடையாது. பெரிய பாறை ஒன்று குடை பிடித்த மாதிரி கவிந்து நிற்கிறது. லட்டில் முந்திரி, திராட்சை பதித்த மாதிரி பாறை முழுக்கக் கூழாங்கற்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஆதி மனிதன் ஒதுங்கிய இடம் இது. 1960-களில் மத்திய தொல்பொருள் துறையினர் இங்கே தோண்டியபோது அவன் செய்த கற்கருவிகள் கிடைத்தன.

கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ம் ஆண்டே ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் நிபுணர் கல் கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். தொழிற்பேட்டைகளால் பேர் வாங்கிய இந்த மாவட்டத்தின் முதல் 'பட்டறை' அதுதான்!

குடியத்தைப் பார்த்துவிட்டு வரும் வாலிபர்களில் சிலருக்கு ஆசை பிடித்துக் கொள்கிறது. அடுத்து, வெளிச்சமே நுழையாத நிஜமான இருட்டுக் குகைக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறார்கள். அங்கேதான் 'கிளப்' தேவைப்படுகிறது.

குகைக்கு ஒரு கிளப்பா?

சிரிக்க வேண்டாம்! சீட்டாட கிளப் இருக்கும்போது குகைக்கு இருக்கக் கூடாதா? உலகத்தில் பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் இதற்குப் பேர்போன இடம் மேகாலயா. ஷில்லாங்கில் 1990-ம் ஆண்டு ஒரு சாகசச் சங்கம் ஆரம்பித்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் வங்கியில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளக்காரர்தான், மகாராஜா இல்லை!

சேருவதற்கு முதல் காரணம், உயிர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொட்டி சுத்தம் செய்யும் வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மூடிய தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்துக் கொண்டு காவல் நிற்க வேண்டும். உள்ளே காற்று சரியில்லை என்றால் ஆள் சத்தமில்லாமல் சாய்ந்து விடுவார். காப்பாற்றப் பதறி ஓடி இறங்குகிறவரும் அவரோடு போய்விடுவார்.

குகைக்கும் அதே சட்டம்தான். தலைக்கு ஹெல்மெட். ஆளுக்கு மூன்று விளக்கு. ஒன்று அணைந்தால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. டார்ச் லைட் அணைந்த குகையில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. போவது குறைந்தது நாலு பேர். ஒருவருக்குக் கால் முறிந்தால் ஒருவர் கூட இருக்க வேண்டும், இரண்டு பேர் உதவி தேடி வெளியே போக வேண்டும். கணக்கு சரிதானே?

இன்னொன்று முக்கியம். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த நேரம் தாண்டினால் அவர் ஆட்களைத் திரட்டுவார். மழை வரும் என்றால் குகைப் பக்கமே போகக் கூடாது.

கொடைக்கானலில் நடந்தது

சட்டத்தை மறந்தால் என்ன ஆகும்? கொடைக்கானல் குணா குகையைக் கேளுங்கள். 1991-ல் 'குணா' படம் வந்த பிறகுதான் அதற்கு அந்தப் பெயர். 2006-ம் ஆண்டு கேரளாவிலிருந்து சுற்றுலா வந்த வாலிபர்களில் ஒருவர் பாறைப் பிளவுக்குள் விழுந்துவிட்டார். முன்பு விழுந்தவர்கள் பிழைத்ததில்லை என்ற பேச்சு. நண்பர் ஒருவர் கயிற்றைக் கட்டிக் கொண்டு இறங்கி அவரை மேலே கொண்டு வந்தார். 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' இந்தக் கதைதான். தியேட்டரில் கைதட்டினோம். ஆனால் எல்லாருக்கும் அப்படி ஒரு நண்பன் வாய்ப்பானா?

தாய்லாந்தில் உதவியது யார்?

2018 ஜூன் 23. தாய்லாந்தில் கால்பந்து ஆடும் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் ஒரு குகைக்குள் போனார்கள். மழை பிடித்துக் கொண்டது. வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. உலகமே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தது.

கடற்படை வந்தது. பல நாட்டு நிபுணர்கள் வந்தார்கள். ஆனால் ஜூலை 2-ந் தேதி இருட்டுத் தண்ணீருக்குள் நீந்திப் போய்ச் சிறுவர்களை முதலில் கண்டவர்கள் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். மற்றவர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். குகை நீச்சல் இரண்டு பேருக்குமே பொழுதுபோக்கு!

ஜூலை 10-ந் தேதிக்குள் 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உள்ளே காற்று சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்த தாய்லாந்து கடற்படை முன்னாள் வீரர் ஒருவர் உயிரைக் கொடுத்தார்.

லீவு நாளில் பழகிய பழக்கம் 13 உயிரைக் காப்பாற்ற உதவியது. கிளப்பில் சேர இது இரண்டாவது காரணம். இன்று பொழுதுபோக்காகக் கற்றுக் கொண்டது நாளை யாரோ ஒருவருக்கு உயிர்க் கயிறு.

புதுசாக ஒன்றைக் காண

மூன்றாவது காரணம், கண்டுபிடிப்பு. இமயமலைச் சிகரங்கள் பலவற்றில் யாராவது கொடி நட்டுவிட்டார்கள். ஆனால் பூமிக்கு அடியில் மனிதன் கால் படாத இடம் இன்னும் இருக்கிறது.

மேகாலயா கிளப்காரர்கள் வெளிநாட்டுக் குகை நிபுணர்களோடு சேர்ந்து குளிர்காலத்தில் உள்ளே இறங்குவார்கள். சேற்றில் தவழ்ந்து, கழுத்தளவு தண்ணீரில் நடந்து, ஒவ்வொரு அடியாக அளந்து வரைபடம் போடுவார்கள். அப்படி 2018-ல் அளந்து முடித்த 'கிரெம் பூரி' குகை 24 கிலோ மீட்டருக்கு மேல். மணற்பாறைக் குகைகளில் உலகிலேயே நீளமானது என்று அறிவிக்கப்பட்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து எண்ணூர் தாண்டிப் போகும் தூரத்தை மண்ணுக்கு அடியில் தவழ்ந்து அளந்திருக்கிறார்கள்!

பெயர் எழுதும் பேர்வழிகள்

நாலாவது காரணம் குகைக்காக. சுவரைக் கண்டால் ஆணி எடுத்து, அம்பு விட்ட இதயம் வரைந்து, இரண்டு பெயர் எழுதாமல் நம்மவர்களில் சிலருக்குத் தூக்கம் வராது. காதல் ஒரு வருஷம் நிற்குமோ என்னமோ, கீறல் நிற்கும். தரையில் கிடக்கும் கல்லைப் பையில் போட்டுக் கொண்டு வந்தால், அது 'ஞாபகார்த்தம்' இல்லை. சரித்திரத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்த மாதிரி.

கிளப்பில் சேர்ந்தவருக்கு முதல் பாடமே, தொடாதே, எடுக்காதே, வவ்வாலை விரட்டாதே! வவ்வால் எச்சம் மண்டிய குகையில் புழுதியைக் கிளப்பினால் அதிலுள்ள பூஞ்சைக் கிருமி நுரையீரலைத் தாக்கலாம். அவரவர் நன்மைக்கும் அதுவே நல்லது.

முதல் படி குடியம்

மேகாலயா போக ரயில் செலவும் லீவும் வேண்டும். அதுவரை? நாலு நண்பர்கள் சேருங்கள். வனத்துறையிடம் கேட்டுக் கொண்டு காலையிலேயே குடியம் புறப்படுங்கள். குடிதண்ணீர் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். பாறையில் மலைத்தேன் கூடுகள் தொங்கும். கூச்சல், புகை, சென்ட் எதுவும் வேண்டாம். தேனீ விரட்டினால் ஓட வழி குறுகல்! திரும்பும்போது பூண்டியில் உள்ள தொல்பொருள் காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். குகை கிளப்பின் முதல் சட்டம் அதுதான். அதைக் கடைப்பிடித்தவர் பாதி உறுப்பினர் ஆகிவிட்டார்!