வண்ண மீன் தொட்டியில் பாசித் தொல்லையா? மருந்தின்றிக் கட்டுப்படுத்தலாம்

பயிர் நெருங்கி நிற்கும் வயலில் களைக்கு இடம் இல்லை. பயிர் விட்டுப்போன இடத்தில் களை முந்திக்கொள்ளும். இது உழவர் பெருமக்கள் யாவரும் அறிந்ததே. நீர்ச்செடிகள் வைத்த மீன் தொட்டிக்கும் இதே விதிதான். அங்கே பாசிதான் களை.

கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, மோலி, கப்பி போன்ற வண்ண மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்த்து விற்பது சிறு விவசாயிகளுக்கு ஏற்ற துணைத் தொழிலாகும். சென்னையில் கொளத்தூர் வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆனால் தொட்டி வைத்த சில வாரங்களில் நீர் பச்சையாக மாறுவதும், செடிகளின் மேல் பாசி நூல் நூலாகப் படர்வதும் உண்டு. இதைக் கண்டு மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினால், மறுநாள் காலை பாசியோடு மீன்களும் செத்து மிதக்கக்கூடும். இந்த நட்டம் தேவையில்லாதது.

பாசி ஏன் வருகிறது?

மீனின் கழிவும், தின்னாமல் கிடக்கும் தீனியும் நீரில் அழுகி அம்மோனியாவாகின்றன. மணலிலும் சரளையிலும் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இது தழைச்சத்து. தீனியிலிருந்து மணிச்சத்தும் நீரில் சேர்கிறது. இவ்விரண்டு சத்துகளும் மிகுந்து, வெயிலும் அதிகமானால் பாசி பெருகும். ஆகவே, பாசி தோன்றினால் தொட்டியில் உரமும் ஒளியும் மிஞ்சிவிட்டன என்று அறிந்துகொள்ளுங்கள்.

மயில்துத்தம் வேண்டாம்

மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் மீன்களுக்கும் நத்தைகளுக்கும் நஞ்சு. சுண்ணாம்புத் தன்மை குறைந்த நீரில் அதன் கடுமை இன்னும் கூடும். மேலும், பாசி முழுவதும் ஒரே நேரத்தில் மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை அழுகல் பாக்டீரியாக்கள் உறிஞ்சிவிடும். இரவில் செடிகளும் பாசியும் பிராணவாயுவைத் தருவதில்லை. அவையும் அதைச் செலவழிக்கின்றன. அதனால் விடியற்காலையில்தான் நீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், உடனே நீரில் ஒரு பகுதியை மாற்றிக் காற்றூட்ட வேண்டும்.

செடிகளை நெருக்கி நடுங்கள்

தொட்டி தயாரான முதல் நாளிலேயே செடிகளை நெருக்கமாக நட வேண்டும். இரண்டொரு செடியை வைத்துவிட்டுப் பெருகட்டும் என்று காத்திருந்தால் பாசி முந்திவிடும். வேகமாக வளரும் ஹைட்ரில்லா, கபோம்பா, வாலிஸ்னேரியா ஆகியவை ஏற்றவை. ஹைட்ரில்லா, கபோம்பா தண்டுகளை 15 செ.மீ. நீளத்தில் நறுக்கி, 5 அல்லது 6 தண்டுகளை ஒரு கொத்தாகச் சரளையில் ஊன்றலாம். தொட்டி மண்ணில் தொழு உரம் கலக்கக் கூடாது.

மிதக்கும் செடிகள் நீரிலுள்ள சத்தை விரைவில் உறிஞ்சுவதோடு நிழலும் தரும். ஆனால் நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றைப் படரவிடாதீர்கள். அசோலா தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தன்னுள் வாழும் நீலப்பச்சைப் பாசியின் உதவியால் காற்றிலிருந்து பெறுகிறது. ஆகவே நீரிலுள்ள தழைச்சத்தைக் குறைக்க லெம்னா போன்றவையே மேல்.

வளர்ந்த செடிகளை வாரம் ஒரு முறை கத்தரித்து வெளியே எடுத்துவிடுங்கள். அவற்றோடு சத்தும் வெளியேறும். நல்ல தண்டுகளை விற்கலாம். மற்றவற்றை எருக்குழியில் இடலாம்.

ஒளியை அளவோடு கொடுங்கள்

வீட்டினுள் உள்ள தொட்டியைச் சன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் போதும். பாசி தலைகாட்டினால் 6 மணி நேரமாகக் குறைக்கலாம். வெளித்தொட்டிக்குத் தென்னங்கீற்று அல்லது நிழல்வலையால் நண்பகல் வெயிலை மறைப்பது நல்லது.

தீனியும் நீர் மாற்றமும்

ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீனி இடுங்கள். மிஞ்சுவது பாசிக்கு உரம். வாரம் ஒரு முறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். அதில் 14 லிட்டர் மாற்றினால் போதும். 6 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள சிமெண்டுத் தொட்டியில் 2 அடி நீர் நின்றால் அது சுமார் 1,000 லிட்டர்; 250 லிட்டர் மாற்ற வேண்டும். வெளியேற்றும் நீரில் தழைச்சத்து இருப்பதால் காய்கறிப் பாத்திக்குப் பாய்ச்சலாம். குளோரின் கலந்த குழாய் நீரானால் குளோரினை நீக்கிய பின்பே ஊற்றுங்கள்.

பாசி வந்துவிட்டதென்று தொட்டி முழுவதையும் காலி செய்து சரளையைத் தேய்த்துக் கழுவுவது தவறு. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அழிந்து, அம்மோனியா பெருகி, மீன்கள் பாதிக்கப்படும்.

வந்துவிட்ட பாசிக்கு

நூல் பாசியைக் குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம். கண்ணாடியில் படிந்ததைப் பஞ்சால் துடைக்கலாம். வழவழப்பான ஏடுபோலப் படர்ந்து துர்நாற்றம் வீசுவது நீலப்பச்சைப் பாசி. அதைக் கையால் அகற்றிய பின், தொட்டியைச் சாக்கினால் மூன்று நாட்கள் ஒளி புகாமல் மூடி, காற்றூட்டி, பிறகு கால் பங்கு நீரை மாற்றுங்கள். வளர்ந்த மீன்கள் நல்ல நிலையில் இருந்தால் அம்மூன்று நாட்களும் தீனியின்றித் தாங்கும்.

மோலி மீன்கள் பாசியைக் கொறித்துத் தின்னும். உறிஞ்சு வாய்க் கெளுத்தி பாசி தின்னும் என்று விற்கப்படுகிறது. அது பெரிதாக வளர்ந்துவிட்டது என்று குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்குப் போட்டியாகி, வலைகளையும் கிழிக்கிறது.

பச்சை நீரை வீணாக்க வேண்டாம். அதை வேறொரு தொட்டியில் ஊற்றி டாப்னியா என்னும் நுண்ணுயிரை விட்டால், அது பாசியைத் தின்று பெருகும். அதை வடிகட்டி மீன்களுக்கு உயிர்த்தீனியாகக் கொடுக்கலாம்.

நெருக்கமான செடி, அளவான ஒளி, அளவான தீனி, வாரந்தோறும் நீர் மாற்றம் ஆகிய நான்கையும் தவறாது கடைப்பிடியுங்கள். சில வாரங்களில் நீர் தெளியும். மருந்துச் செலவும் மீன் இழப்பும் இன்றிப் பயன் பெறலாம்.