எண்ணூர்க்காரருக்கு மேயர் ஓட்டு ஒரே தடவைதான்!

(நமது நிருபர்)

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 2025 நவம்பர் 4ந் தேதி மேயர் தேர்தல் நடந்தது. சோரான் மம்தானி என்ற 34 வயது வாலிபர் ஜெயித்தார். இந்திய சினிமா டைரக்டர் மீரா நாயரின் மகன் இவர். "பஸ்சுக்கு டிக்கெட் வேண்டாம், வாடகையை ஏற விடமாட்டேன்" என்று சொல்லி ஓட்டுக் கேட்டார். ஜனங்கள் அவர் பெயருக்கே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள்.

சரி, நம்ம சென்னை மேயருக்கு நீங்கள் கடைசியாக ஓட்டுப் போட்டது எப்போது?

23 வருஷம் பூட்டு

1973ல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அப்புறம் 23 வருஷம் தேர்தலே கிடையாது. ரிப்பன் கட்டிடத்தில் தனி அதிகாரி ராஜ்யம்தான்!

1996ல் பூட்டு திறந்தது. மேயர் பதவிக்கே நேரடி ஓட்டு. மு.க.ஸ்டாலின் ஜெயித்தார். 2001லும் அவரே. 2006ல் முறை மாறியது. கவுன்சிலர்கள் கூடி மா.சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011ல் மறுபடியும் ஜனங்கள் கைக்கு ஓட்டு வந்தது. சைதை துரைசாமி மேயர் ஆனார்.

ராயபுரத்துக்கு 3, எண்ணூருக்கு 1

ஆக, ராயபுரம்வாசிகளுக்கு 3 தடவை மேயர் ஓட்டு கிடைத்தது. எண்ணூர், திருவொற்றியூர்காரர்களுக்கோ ஒரே தடவைதான். காரணம், 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. எண்ணூர் பகுதி கத்திவாக்கம் நகராட்சியில் இருந்தது. மாநகராட்சியோடு சேர்ந்த அந்த வருஷம் போட்ட ஓட்டுதான் முதலும் கடைசியும்!

2016ல் மன்றத்தின் காலம் முடிந்தது. மறுபடி 5 வருஷத்துக்கு மேல் தேர்தல் இல்லை. இடையில் 2019ல் அவசரச் சட்டம் வந்தது. மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று ஆயிற்று.

வடசென்னைப் பெண்

2022 பிப்ரவரி 19ந் தேதி 200 வார்டுக்கும் ஓட்டுப்பதிவு நடந்தது. மார்ச் 4ந் தேதி ஆர்.பிரியா போட்டியின்றி மேயரானார். வயது 28. சென்னையின் முதல் தலித் பெண் மேயர். திரு.வி.க. நகர் பக்கம், 74வது வார்டு. வடசென்னைக்குப் பெருமைதான். ஆனால் மேயர் என்று அவருக்கு எண்ணூரில் ஒருத்தரும் பட்டன் அழுத்தவில்லை.

முறை இப்படியே இருந்தால், கவுன்சிலர் ஓட்டுதான் உங்கள் மேயர் ஓட்டு. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவரிடம் குப்பை, சாக்கடையோடு நிறுத்தாதீர்கள். "மேயரா யாருக்குக் கை தூக்கப் போறே?" என்றும் கேட்டு வையுங்கள்!