படிப்பும் பதவியும்: தரங்கம்பாடி முதல் இட ஒதுக்கீடு வரை

டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கி, அடுத்த ஆண்டே அங்குப் பள்ளி தொடங்கிப் பெண் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்க முற்பட்டது தமிழகக் கல்வி வரலாற்றில் பெருமையுடன் குறிப்பிடப்படுகிறது. பின்னர் அங்கு அமைந்த அச்சகம் தமிழ் நூல்களை வெளியிடவே, ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் சிலரின் கைக்கும் அச்சு நூல் எட்டியது.

அவ்வாறு நூலை வாசித்துத் தரங்கம்பாடிக் கிறித்தவ மிஷனை நாடி வந்தவர்களுள் ஒருவர், தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய, பறையர் சமூகத்தவரான ராஜநாயக்கன் ஆவார். அவர் உபதேசியாராக, அதாவது குருவுக்குத் துணையாக ஊர்தோறும் சென்று சமயம் கற்பிப்பவராக, பல்லாண்டு உழைத்தார். ஆயினும் 1733இல் இந்நாட்டவர் ஒருவருக்கு மிஷன் முதன்முதலாகக் குருப்பட்டம் அளித்தபோது, அது வேளாளரான ஆரோனுக்கே கிடைத்தது. பறையர் ஒருவர் குருவானால் மேல்சாதிக் கிறித்தவர் ஏற்கமாட்டார் என்ற அச்சம் குறுக்கே நின்றமையால், ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

படித்தவருக்கும் பிறப்பால் பதவி மறுக்கப்படும் இந்நிலைக்கு மாற்றாக அமைந்ததே, கல்வியிலும் வேலையிலும் குறிப்பிட்ட பங்கை ஒதுக்கும் இட ஒதுக்கீடு. சென்னை மாகாணத்தில் 1921இல் பிறப்பிக்கப்பட்ட வகுப்புவாரி ஆணை 1928இல் முழுமையாகச் செயலுக்கு வந்தபோது, 12 அரசுப் பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், கிறித்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகிய மூன்று பிரிவினருக்கும் தலா 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 எனப் பங்கிடப்பட்டது. கல்லூரிச் சேர்க்கையில் இத்தகைய பங்கீடு செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதற்கு இடமளித்தது.

இன்று தமிழகத்தின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மீனவர் உள்ளிட்ட மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்ற பங்குகள் அமைந்துள்ளன. சாதியோடு பள்ளியின் தரமும் வாய்ப்பைத் தீர்மானிப்பதை உணர்ந்து, அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு 2020இல் கொண்டுவரப்பட்டது. எனவே கடற்கரைக் குப்பத்துப் பிள்ளையும் வயற்காட்டுச் சேரிப் பிள்ளையும் முன்னேற நல்ல பள்ளி, ஒதுக்கப்பட்ட இடம் ஆகிய இரண்டும் தேவை. ஒதுக்கீடு தகுதியைக் கெடுக்கிறது என்போர், தகுதியிருந்தும் பிறப்பால் தடுக்கப்பட்டோரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.