நெல்லின் ஈரமும் சங்கத்தின் லாபமும்

சென்ற மாதம் அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைக்கு அண்மையில், சுற்றுவட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் சிலருடன் அளவளாவும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அவ்வேரியின் நீரால் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி இன்று வீட்டு மனைகளாய்விட்டது. ஆயினும் மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பட்டங்களில் நெல் பயிரிடுவோர் இன்னும் பலர் உளர். அன்று வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

“ஐயா, நாங்கள் நூலை நூலாக விற்பதில்லை. பாவோட்டி, கஞ்சி போட்டு, நெய்து, சேலையாக்கி விற்கிறோம். அந்தக் கஞ்சிக்கு அரிசி விளைவித்துத் தரும் உழவர் மட்டும் நெல்லை நெல்லாகவே, அதுவும் ஈரத்தோடு விற்றுவிட்டுப் போகிறாரே, ஏன்?”

இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. விளைபொருளின் மதிப்பில் ஒரு பகுதி வயலிலும், மற்றொரு பகுதி அறுவடைக்குப் பின்னரும் உண்டாகிறது. பின்னதை உண்டாக்குவது பொறியியலும் விஞ்ஞான ஆராய்ச்சியுமே. இதற்கு நம் நாட்டுக் கூட்டுறவு இயக்கத்திலேயே சிறந்ததோர் உதாரணம் உண்டு.

1960-ஆம் ஆண்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. விளைச்சல் பெருகிற்று. ஆனால் குறுவை அறுவடை, மழை பெய்யும் காலத்தில் வந்து நிற்பது. 1967-ஆம் ஆண்டில் அறுவடைச் சமயத்தில் பெய்த பெருமழையால் நெல் நனைந்து, களத்திலேயே முளைவிடும் நிலை ஏற்பட்டது. அப்பொழுது திருவாரூரில் தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனம் நடத்திவந்த நவீன அரிசி ஆலையின் வளாகத்திலேயே ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கப்பட்டது. 1950-இல் மைசூரில் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக விளங்கிய டாக்டர் வி. சுப்பிரமணியன் அவர்கள் அதற்கு வழிகாட்டினார்கள். நனைந்த நெல்லில் உப்பையும் உமியையும் கலந்து, வெயில் வரும்வரை முளைக்காமலும் அழுகாமலும் காப்பது போன்ற, செலவு குறைந்த முறைகள் அங்கே ஆராயப்பட்டன. நெல் பதன ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்று, பின்னர்த் தஞ்சாவூருக்கு மாறி வளர்ந்த அந்நிறுவனம், 2021-ஆம் ஆண்டு முதல் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் என்னும் பெயரில் இயங்கி வருகிறது. அதன் விதை ஒரு கூட்டுறவு ஆலையின் முற்றத்தில் ஊன்றப்பட்டது என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது.

இனி, ஈரத்தின் கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ நெல்லில் 22 சதவீதம் ஈரம் இருப்பதாகக் கொள்வோம். நீர் 22 கிலோ. நீரற்ற பொருள் 78 கிலோ. அதனை 14 சதவீத ஈரத்திற்கு உலர்த்தினால் எடை 90.7 கிலோவாகும். 9.3 கிலோ நீர் வெளியேறுகிறது. “ஒன்பது கிலோ போயிற்றே” என்று உழவர் வருந்துவது இயல்பு. ஆனால் போனது நெல்லன்று, நீரே. அந்நீரை வைத்துக்கொண்டிருந்தாலோ, அம்பாரம் சூடேறிப் பூசணம் பிடித்து, அரிசி மஞ்சளித்துவிடும். அரசுக் கொள்முதலிலும் பொதுவாக 17 சதவீத ஈரம் வரையிலேயே நெல் ஏற்கப்படுகிறது. ஆகவே வண்டி திருப்பி அனுப்பப்படுமா, அன்றி விலைபோகுமா என்பதை இந்த ஐந்து சதவீத நீரே தீர்மானிக்கிறது.

உலர்த்துவதிலும் பக்குவம் வேண்டும். அவித்த நெல்லை ஒரே மூச்சில் கடும் வெப்பத்தில் உலர்த்தினால், மணியின் மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும். இதனால் உள்ளே வெடிப்பு உண்டாகி, ஆலையில் அரிசி நொய்யாகிவிடும். ஆதலால் ஈரம் சுமார் 16 சதவீதத்திற்கு வந்ததும் உலர்த்துவதை நிறுத்தி, சில மணி நேரம் குவித்துவைத்து, உள்ளீரம் மேலே பரவியபின் மீண்டும் 14 சதவீதம் வரை உலர்த்த வேண்டும். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. பொறுமையும் ஓர் ஈரமானியும் போதும்.

புழுக்குவதில் ஆராய்ச்சி செய்த உதவியும் பெரிது. பழைய வழக்கப்படி நெல்லைக் குளிர்ந்த நீரில் ஒன்று முதல் மூன்று நாள் ஊறவைத்தபோது, அது புளித்து நாற்றம் கொண்டது. சுமார் 70 பாகை சென்டிகிரேடு வெந்நீரில் 3 அல்லது 4 மணி நேரம் ஊறவைத்து, பின் ஆவியில் அவித்தால் போதும் என்பதை மைசூர் நிலையத்தார் காட்டினர். நாற்றம் நீங்கிற்று, காலமும் மிச்சமாயிற்று. புழுக்கும்பொழுது தவிட்டில் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து மணிக்குள் ஊடுருவுவதால், தீட்டிய பின்பும் அதன் ஒரு பகுதி அரிசியிலேயே தங்குகிறது.

ஆலை இயந்திரத்திலும் இவ்வாறே. பழைய ஹல்லர் இயந்திரம் உமி நீக்குவதையும் தீட்டுவதையும் ஒருங்கே செய்யும். அதில் அரிசி மிகுதியாக உடைவதுடன், உமியும் தவிடும் நொய்யும் கலந்துவிடும். வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் ரப்பர் உருளைகளோ உமியை மட்டும் உரித்துத் தள்ளுகின்றன. தவிடு பின்னர்த் தனியே கிடைக்கிறது. தூய தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் உண்டு. ஆனால் தீட்டிய சில மணி நேரத்திலேயே அவ்வெண்ணெய் கெடத் தொடங்கும். உடனே சூடேற்றிப் பதப்படுத்தினால் அக்கேடு தடைப்படுகிறது. உமியும் வீணன்று, கொதிகலனுக்கு அதுவே எரிபொருள். முன்பு மாட்டுக்கும் குப்பைக்கும் போனவை இவ்வாறு விலையுள்ள பொருள்களாயின.

இவற்றையெல்லாம் கேட்டதும் “நம் சங்கமும் உடனே இயந்திரம் வாங்கட்டும்” என்று அன்று இளைஞர் சிலர் எழுந்தனர். இங்கே நம் தவறு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கம் – பெயர் வேண்டா – உலர்த்தும் இயந்திரம் வாங்க விரும்பியபோது, ஆய்வாளர் என்ற முறையில் நாமும் மகிழ்ந்து பரிந்துரைத்தோம். விலையைச் சரிபார்த்தோம், பங்குத்தொகையைச் சரிபார்த்தோம். ஆண்டில் எத்தனை நாள் அவ்வியந்திரத்திற்கு நெல் கிடைக்கும் என்று மட்டும் கேட்கத் தவறினோம். இன்று அது கொட்டகையில் துருவேறி நிற்கிறது. அதனைக் காணும்போதெல்லாம் அங்கத்தினர்களின் பணத்திற்கு முன் நாம் தலைகுனிகிறோம்.

நாம் கேட்கத் தவறிய கணக்கு மிக எளியது. நாளொன்றுக்கு 10 டன் உலர்த்தும் இயந்திரம், 150 டன் நெல்லே வரும் சங்கத்தில் ஆண்டுக்கு 15 நாளே ஓடும். மீதி 350 நாளும் அது கடனுக்கு வட்டியை மட்டும் ஈட்டும். அருகருகே உள்ள நான்கு சங்கங்கள் கூடி வாங்கினால் 60 நாள் ஓடக்கூடும், பட்டங்கள் முன்பின்னாக அமைந்தால். தறியை வாங்குமுன் பாவுக்கு நூல் உண்டா என்று நெசவாளர் பார்ப்பதுபோல, இயந்திரத்தை வாங்குமுன் அதற்கு இரை உண்டா என்று பார்ப்பதே முறை.

ஆகவே நாம் கூறும் வரிசை இது. முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் ஓர் ஈரமானியும் போதிய தார்ப்பாய்களும் வாங்கட்டும். இரண்டாவதாக, வரும் நெல்லின் எடை, ஈரம், தேதி ஆகியவற்றை ஒரு பட்டமேனும் தவறாமல் பதிவேட்டில் எழுதட்டும். மூன்றாவதாக, அப்பதிவேட்டுடன் அண்டைச் சங்கங்களைக் கலந்து, தஞ்சாவூர் நிறுவனம் போன்ற ஆராய்ச்சி நிலையத்தாரின் ஆலோசனையையும் கேட்கட்டும். இயந்திரத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே எழ வேண்டும்.

திருவாரூரில் விஞ்ஞானிகள் நனைந்த நெல்லைத் தேடிக் களத்திற்கு வந்தனர். நம் களத்துக் கணக்கை நாமே எழுதி வைத்தால், அவர்களிடம் தெளிவான கேள்வியுடன் செல்லலாம். கூட்டம் முடிந்தபின் அம்முதியவர் நம்மிடம், “அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம்தான் போலிருக்கிறது, ஐயா” என்றார். ஆம் என்றோம்.